ஒரு லிட்டர் ஆயில்

உங்கள் வண்டியில் இப்போது எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். செல்போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்பதைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே சொல்லிவிடுவீர்கள். சரி, அதே வண்டியில் இன்ஜின் ஆயில் எவ்வளவு இருக்கிறது?

யோசிக்கிறீர்கள் அல்லவா? 'சர்வீஸ் விட்டப்ப மாத்தியிருப்பாங்க சார்' என்பதுதான் நான் கேட்ட இடத்திலெல்லாம் கிடைத்த பதில்.

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போய், பங்க்கில் நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆயில் தீர்ந்தால் வண்டி உடனே நிற்காது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு என்ன விலை என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். விலை கொடுத்தவன் என் அக்கா மகன்.

அவனுக்கு வயது இருபத்தைந்து. வாரத்தில் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். ஏழாவது நாள் விடிவதற்கு முன்பே ஹெல்மெட், முழங்கால் கவசம், முரட்டு பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் கிளம்பிவிடுவான். காய்ந்த ஏரி, செம்மண் மேடு, முள்ளுக்காட்டு ஒற்றையடிப் பாதை... இவைதான் அவனுக்கு மெரினா பீச். வண்டி, டர்ட் பைக்.

டர்ட் பைக்கைப் பார்த்திருப்பீர்கள். கொக்கு மாதிரி உயரமாக நிற்கும். முன் மட்கார்டு அலகு போலத் தூக்கிக்கொண்டிருக்கும். டயரில் கட்டம் கட்டமாக முடிச்சுகள். பள்ளத்தில் தூக்கிப் போட்டாலும் இடுப்பு பிடிக்காத அளவுக்கு நீளமான ஷாக் அப்சார்பர். தார் ரோட்டைவிட மண்ணில்தான் அதற்கு மரியாதை.

அவன் அறைச் சுவரில் நடிகர் படம் கிடையாது. ஷோரனூர்க்காரரான ஹரித் நோவாவின் படம் இருக்கிறது. 2024 ஜனவரியில் சவுதி அரேபியப் பாலைவனத்தில் நடந்த டக்கார் ராலியில் ஒட்டுமொத்தமாகப் பதினோராவது இடம், 'ராலி 2' என்ற பிரிவில் முதலிடம் வாங்கியவர். அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 2015ல், பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் அந்த ராலியை முழுசாக முடித்த முதல் இந்தியர் ஆனார். அந்தப் போட்டியில் சில நாட்கள் மெக்கானிக் கூட்டம் வண்டிக்குக் கிட்டேயே வரக்கூடாதாம். ஓட்டுகிறவனே ஸ்பேனரைப் பிடித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் கண் விரியச் சொல்வான். 'வண்டியை ஓட்டறது பாதிதான் மாமா. வண்டிக்கு என்ன ஆச்சுன்னு புரிஞ்சுக்கறது மீதி' என்பான். அந்த மீதியைப் புரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் அவனுக்குச் சீக்கிரமே வாய்த்தது.

இரண்டு வருடம் சேமித்து, செகண்ட் ஹேண்டில் ஒரு 200 சிசி வண்டி வாங்கினான். என் அத்தானுக்கு, அதாவது அவன் அப்பாவுக்கு, அதில் சம்மதம் இல்லை. 'ரோட்டுல போறதே பெரும்பாடா இருக்கு, இதுல ரோடே இல்லாத இடத்துக்கு வேற போவணுமா?' என்றார். அதோடு வண்டியைப் பற்றிய பேச்சை வீட்டில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். காய்ந்த ஏரிக்குள் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு இன்ஜின் சத்தம் வேறு மாதிரி கேட்டிருக்கிறது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இழுவை இல்லை. மண்ணில் சக்கரம் புதைகிறது போல என்று இன்னும் முறுக்கியிருக்கிறான். அடுத்த நிமிடம் பின் சக்கரம் 'டக்'கென்று நின்றது. சக்கரம் நின்றால் வண்டி நிற்குமா? வழுக்கிக்கொண்டு போய் விழுந்தான். இருபது கிலோ மீட்டர் வேகம்கூட இருக்காது. கீழே மணல். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இதுவே ஜி.எஸ்.டி. ரோட்டில், பின்னால் ஒரு லாரி வர, அறுபதில் போகும்போது நடந்திருந்தால்... வேண்டாம், விடுங்கள். அக்காவிடம் இன்றுவரை நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிக்கரை உதைத்தால் கல் மாதிரி நின்றது. அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தான். மறுபடி உதைத்தான். ஸ்டார்ட் ஆகிவிட்டது! 'அப்பாடா' என்று ஏறி உட்கார்ந்து மெயின் ரோடு வரைக்கும் நாலு கிலோ மீட்டர் ஓட்டி வந்துவிட்டான். டீக்கடை வாசலில் வண்டி ஒரேயடியாக நின்றது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். விழுந்தபோது ஆன சேதத்தைவிட, ஆறிய பிறகு ஓட்டிய அந்த நாலு கிலோ மீட்டரில் ஆன சேதம் அதிகம் என்று பிறகு தெரிந்தது. அது ஏன் என்று புரிய, இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள். நான் படித்தது பி.காம். எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று மீட்டரில் முள் காட்டுகிறது என்று வையுங்கள். அப்படியென்றால் ஒரு விநாடியில் பிஸ்டன் நூறு தரம் மேலே போய் நூறு தரம் கீழே வருகிறது. அதன் தலைக்கு மேலே எரிகிற வாயுவின் சூடு உச்சத்தில் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிஸ்டனுக்கும் அது ஓடுகிற சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. இத்தனை நெருக்கடியில் அது உருகாமல், உரசாமல் ஓடுவதற்குப் பெரிய காரணம், நடுவில் இருக்கும் ஆயில் படலம். உலோகத்தோடு உலோகம் தொடாமல் பார்த்துக்கொள்வது, சூட்டை வாங்கிக்கொண்டு போவது, தூள் துகளைக் கழுவி எடுத்துப் போவது, வாயு கீழே கசியாமல் அடைப்பது... இவ்வளவு வேலையும் அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் செய்கிறது. 200 சிசி வண்டியில் அது ஏறக்குறைய ஒரு லிட்டர். நம் பைக்குகளில் பெரும்பாலும் கியர் பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் அதே ஆயில்தான்.

அந்த ஆயில் போனால் பிஸ்டன் சூட்டில் விரிகிறது. அலுமினியம் இரும்பைப்போல இரண்டு பங்கு விரியும். சிலிண்டர் சுவரோ அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. ஒரு கட்டத்தில் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு' என்கிறார்கள். ஆறினால் பிஸ்டன் சுருங்கி விடுபடும், வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் உள்ளே ஆயில் இல்லையே! பிஸ்டன் சுரண்டுகிறது, பேரிங் வறண்டு தேய்கிறது, மேலே வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் பட்டினியில் கிடக்கிறது. உதிர்கிற உலோகத் தூள் மொத்த இன்ஜினுக்கும் பரவுகிறது.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வியாதி புதுசில்லை. டி.வி.எஸ். 50, பழைய பஜாஜ் சேத்தக் காலத்தில் பெட்ரோல் பங்க்கில் '2டி ஆயில் எவ்வளவு?' என்று கேட்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றும். அவசரத்தில் வெறும் பெட்ரோலை அடித்துக்கொண்டு போய் நடுவழியில் ஜாம் ஆகி நின்றவர்கள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள்.

அக்கா மகன் வண்டியை டெம்போவில் ஏற்றி, வழக்கமாக சர்வீஸ் விடுகிற ஒர்க் ஷாப்புக்கே கொண்டுபோனான். பெயர் வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் பழைய ஆயிலை வெளியேற்றுவதற்கு ஒரு போல்ட் இருக்கும், டிரெய்ன் போல்ட். அதைக் காணவில்லை. 'மேடு பள்ளத்துல எங்கேயோ கழண்டு விழுந்திருக்கு தம்பி. புதுசு போட்டுடலாம். பிளாக்கை போர் போட்டு பிஸ்டன் மாத்தினா போதும்' என்றார்கள். மூன்றே நாள். 8,500 ரூபாய். வண்டி 'டுர்ர்' என்று கிளம்பியது. அவன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தோம்.

முந்நூறு கிலோ மீட்டர் ஓடியிருக்கும். மறுபடி சத்தம். இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து 'டொக்... டொக்...' என்று. திரும்ப அதே இடத்துக்குப் போனால், 'நாங்க குடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நீ காட்டுல ஓட்டினா நாங்க என்ன பண்றது?' என்று கையை விரித்துவிட்டார்கள்.

வணிகவியல் படித்தவனுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. ஒரு கடைக்கு ஐந்து லட்சம் வரவேண்டிய பாக்கி. கடன்காரன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். அதை வராக்கடன் என்று எழுதித் தள்ளாமல், வரவேண்டியது ஐந்து லட்சம் என்றே வருடா வருடம் கணக்கில் காட்டிக்கொண்டு வந்தால் ஐந்தொகை அழகாகத்தான் இருக்கும். வங்கியில் கடன்கூடக் கிடைக்கும். ஒருநாள் மொத்தமாக உட்காரும். புது பிஸ்டன் போட்ட அந்த இன்ஜினும் அப்படித்தான். மேலே பளபளவென்று புது உருப்படி. கீழே கணக்கில் வராத நஷ்டம்.

வண்டி இப்படி நின்றபோது இன்னொரு யோசனை வந்தது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் சொன்னார்: 'ஏன் தம்பி கவலைப்படற? நல்லா கெட்டியான ஆயில் ஊத்திடுவோம். சத்தம் அமுங்கிடும். பத்து நிமிஷம் ஓட்டிப் பாக்கறவனுக்குத் தெரியாது. ரெண்டு நாள்ல வித்துத் தரேன்.'

உண்மைதான். கெட்டி ஆயில் ஊற்றினால் தேய்ந்துபோன பேரிங்கின் சத்தம் சில நாளைக்கு அமுங்கிக் கிடக்கும். பையன் என்னிடம் வந்தான். 'மாமா, நீங்க கணக்குப் படிச்சவர்தானே? சொல்லுங்க. ரிப்பேருக்கு இன்னும் இருபதாயிரம் ஆகும்கறாங்க. ஏற்கெனவே 8,500 போச்சு. தள்ளிவிட்டுடறதுதானே லாபம்?'

கணக்காகப் பார்த்தால் போன 8,500ஐ இதில் சேர்க்கவே கூடாது, அது திரும்பப் போவதில்லை என்றேன். இனிமேல் ஆகிற செலவு எவ்வளவு, அதனால் வண்டிக்குக் கூடுகிற மதிப்பு எவ்வளவு, இந்த இரண்டையும் மட்டும்தான் தட்டில் வைக்க வேண்டும். அப்படி வைத்துப் பார்த்தால் புரோக்கர் வழிதான் லாபம் என்றுகூட வரும். ஆனால் வாங்குகிறவனிடம் உண்மையைச் சொல்லி விற்றால் என்ன விலை வருமோ, அதுதான் அந்த வண்டியின் விலை. அதற்கு மேலே வருவது லாபக் கணக்கில் சேராது, அதற்கு வேறு பெயர் இருக்கிறது என்றேன். அவன் பேசவில்லை.

கூடத்தில் ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான், பேப்பரை இறக்காமலே சொன்னார்: 'அன்னிக்கு நீ மணல்ல விழுந்த. வாங்கறவன் எங்க விழுவான்னு தெரியுமா? அவன் எந்த வீட்டுப் புள்ளையோ.'

வண்டி வாங்கிய நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, 'வண்டிய ஒரு ஆட்டோவுல ஏத்து. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்' என்றார்.

அத்தான் பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். எண்ணெய், கிரீஸ் விஷயத்தில் ரயில்வேக்காரர்களுக்குத் தனி பக்தி உண்டு. அதற்குச் சரித்திரக் காரணமும் இருக்கிறது. 1860களில் ரயில் இன்ஜின் கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்துவார்கள். ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக் கையால் எண்ணெய் விடுவார்கள். அப்புறம்தான் மறுபடி கிளம்பும். அமெரிக்காவில் மிச்சிகன் ரயில்வேயில் இந்த வேலையைப் பார்த்தவர் எலைஜா மெக்காய். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிய தம்பதியின் பிள்ளை. ஸ்காட்லாந்துக்குப் போய் இன்ஜினியரிங் கற்றுக்கொண்டு வந்தவர். கறுப்பர் என்பதால் ரயில்வேயில் கிடைத்ததென்னவோ கரி அள்ளிப் போடும் வேலை. அவர்தான் ஓடும்போதே சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிற ஒரு கருவியைக் கண்டுபிடித்து 1872ல் காப்புரிமை வாங்கினார்.

நம்ம ஊரில் மட்டும் என்ன? மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மசகு போடுவார்கள். அந்த விளக்கெண்ணெயேதான் முதல் உலகப் போரில் விமான இன்ஜின்களுக்கு ஊற்றப்பட்டது. 1909ல் பிரிட்டனில் வேக்ஃபீல்டு கம்பெனி ஆமணக்கு எண்ணெய் கலந்து இன்ஜின் ஆயில் தயாரித்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் 'காஸ்ட்ரால்' என்ற பெயரே வந்தது.

அத்தான் அழைத்துப்போன இடம் புளியந்தோப்பில் ஒரு சந்து. போர்டு கிடையாது. எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதிருக்கும். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'ஆயில் எப்படிப் போச்சு?' என்பது.

'போல்ட் கழண்டு விழுந்துடுச்சு பாய்.'

'ஏன் கழண்டுது தம்பி?'

அந்த 'ஏன்' அதுவரை யாருமே கேட்காதது. இருந்த ஆயிலை ஒரு பழைய அலுமினியத் தட்டில் வடித்தார். டிரெய்ன் போல்ட் துவாரத்தில் டார்ச் அடித்து, ஊசியால் எதையோ நோண்டி எடுத்தார். குழாய்க்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பின் நார்! எப்போதோ ஒரு சர்வீஸில் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கி, மரை தேய்ந்துபோயிருக்கிறது. அதைச் சொல்லாமல் டேப்பைச் சுற்றித் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். ஏரிக்குள் குதித்த குதியில் அது கழன்றிருக்கிறது. பிஸ்டன் மாற்றியபோதும் அதே டேப், அதே தேய்ந்த மரை. 'இன்னும் நூறு கிலோ மீட்டர் போயிருந்தா இதுவும் விழுந்திருக்கும் சார்' என்றார் என்னிடம்.

அடுத்து ஒரு காந்தத்தை எடுத்துத் தட்டில் இருந்த ஆயிலுக்குள் விட்டார். கறுப்பு மீசை மாதிரி தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. 'இது ஸ்டீலு. பேரிங், ராடு, கேம். ஒட்டாம அடியில மின்னுது பாருங்க, அது பிஸ்டன். ரெண்டுமே இருக்கு. முழுசாப் பிரிக்கணும்.' ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் படிக்கிற டாக்டர் மாதிரி இருந்தது.

முழுசாகப் பிரித்தார். கோணிப்பையின் மேல் பேப்பரை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடை எடுத்து அத்தானிடம் நீட்டினார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். 'பக்கவாட்டுல ஆடலாம். மேல கீழ ஆடக்கூடாது. நல்லாவே ஆடுது' என்றபடி மகன் கையில் கொடுத்தார். அவனும் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிப் பார்த்தான். ஒரு மயிரிழை அசைவு. விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. முந்நூறு கிலோ மீட்டரில் எழுந்த 'டொக் டொக்' சத்தத்தின் பிறப்பிடம் அதுதான். முதல் ஒர்க் ஷாப்காரர்கள் கீழ்ப்பகுதியைத் திறக்கவே இல்லை.

பாய் ஒரு துண்டுச் சீட்டில் நடுவே கோடு போட்டார். இடது பக்கம் மாற்ற வேண்டியவை: ராடு கிட், கேம் ஷாஃப்ட், ராக்கர், ஆயில் பம்ப், பேரிங், பேக்கிங் செட், மறுபடி பிஸ்டன். வலது பக்கம் கழுவி மாட்ட வேண்டியவை: கியர்கள், கிளட்ச், வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. அடியில் கூட்டல். 19,400 ரூபாய். நான் எத்தனையோ கம்பெனி அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒன்றைச் சமீபத்தில் பார்க்கவில்லை.

'இதுல ரெண்டு மூணை விட்டுட்டு முடிக்க முடியாதா பாய்?' என்று பையன் இழுத்தான்.

'முடிக்கலாம் தம்பி. ஆனா என் பேரைச் சொல்லாத' என்றார் பாய்.

ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க அப்பாவும் மகனும் ஒன்றாகப் போனார்கள். லேத் பட்டறையில் சிலிண்டரை அடுத்த சைஸுக்கு போர் போட்டார்கள். சில வண்டிகளில் சிலிண்டரின் உட்சுவரில் விசேஷப் பூச்சு இருக்கும், அதை போர் போட முடியாது, புதுசுதான் வாங்க வேண்டும். இதில் இரும்பு ஸ்லீவ் என்பதால் பிழைத்தது. போர் போட்ட பிறகு ஹோனிங் கல்லால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இழுத்தார்கள். சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் ஆயில் நிற்காதாம். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கிராங்க்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது ராடைக் கோர்த்து, டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்த்தார்கள். முள் கொஞ்சம் ஆடினால் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்று. மறுபடி தட்டு. முக்கால் மணி நேரம்.

பாய் அதிக நேரம் எடுத்துக்கொண்டது எதற்குத் தெரியுமா? கழுவுவதற்கு. இன்ஜின் பாடிக்குள்ளே ஆயில் போகிற சின்னச் சின்ன வழிகளை மண்ணெண்ணெய் விட்டு, காற்றடித்து, மறுபடி மண்ணெண்ணெய் விட்டு... ஒரு முழு நாள். தலைக்குப் போகிற வழியில் அரிசிக் குருணை மாதிரி ஒரு அலுமினியத் துணுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். 'இது ஒண்ணு போதும் சார். எவ்வளவு புது சாமான் போட்டாலும் மேல ஆயில் ஏறாது. திரும்பவும் அதே கதைதான்.'

டிரெய்ன் போல்ட் மரையைப் பெரிதாக்கி, உள்ளே ஸ்டீல் சுருள் வைத்துப் புது மரை போட்டார். மாட்டி முடித்து ஆயில் ஊற்றியதும் ஸ்டார்ட் செய்வார் என்று பார்த்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கிக்கரைக் கையால் நிதானமாக அழுத்திக்கொண்டே இருந்தார். தலைப்பக்கத்தில் ஆயில் எட்டிப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டினார். 'வெறும் வயித்தோட வேலைக்கு அனுப்பக்கூடாது' என்றார். முதல் 50 கிலோ மீட்டரில் ஒரு தரம், 500ல் ஒரு தரம் ஆயில் மாற்ற வேண்டும், அதுவரை முறுக்கக் கூடாது என்பது உத்தரவு.

எல்லாம் சேர்த்து 27,900 ரூபாய். வண்டி வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு போல்ட் மரையை அன்றைக்கே சரிசெய்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

பேட்டரி வண்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, அணைத்து, சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். கண்ணாடித் துளை இருந்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் தெரிய வேண்டும். குச்சி என்றால் அதைத் திருகி மாட்டிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆயில் மாற்றினால் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஓட்டும்போது சத்தம் மாறினால், முதலில் கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் கவ்விக்கொண்டாலும் சக்கரம் சுற்றும், நீங்கள் விழமாட்டீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அரை மணியில் ஆறி, ஸ்டார்ட் ஆனாலும் நம்பாதீர்கள். தள்ளுங்கள், கட்டி இழுங்கள், டெம்போ பிடியுங்கள். எவ்வளவு கேட்டாலும் அதுதான் மலிவு. ரிப்பேருக்கு விடும்போது 'எவ்வளவு ஆகும்?' என்பதற்கு முன்னால் 'ஏன் ஆச்சு?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத இடத்திலிருந்து வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அக்கா மகன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போகிறான். அத்தானுக்கு இப்போதும் அதில் சம்மதம் இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வண்டிக்கு அடியில் குனிகிறார். நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து படுத்துக்கொள்கிறார். எப்படி இருக்கிறது என்று அவன் கேட்பதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஆயில் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.